துட்டி கேட்க வந்தவர்கள்

சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போனால் வீட்டுக்காரர்கள்தான் சொல்லுவார்கள். எப்படி நடந்தது, கடைசியாக என்ன சாப்பிட்டார், என்ன பேசினார் என்று வருகிற ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். சொல்லச் சொல்லத்தான் ஆறும் என்பார்கள். சுடலைமாடத்தி வீட்டில் அது தலைகீழாக நடந்தது. வந்தவர்கள் சொன்னார்கள். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கரமனை ஆற்றோரச் சரிவில், அக்ரகாரத் தெருக்களுக்குப் பின்பக்கம் எங்கள் ஓலைக் குடிசைகள் இருந்தன. சங்கரன்கோவில் பக்கமிருந்து மலையாளத்துக்குக் கட்டட வேலைக்கு வந்தவர்கள்தான் அங்கே அதிகம். எனக்கு மட்டும் தம்பானூரில் ஒரு லாட்ஜில் ரூம் வேலை. சுடலைமாடத்தி வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒற்றை ஓலை மறைப்பு. அங்கே இருமினால் இங்கே கேட்கும், ஓலை இடுக்கில் பார்த்தால் தெரியும்.

அவள் புருஷன் வன்னியபெருமாள் இடவப்பாதி என்கிற ஜூன் மாத மழை தொடங்கிய சமயத்தில் செத்துப்போனான். பட்டம் என்ற இடத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் போர்ட்டிகோ அவன்மேல் விழுந்தது. கான்கிரீட் வார்த்தால் அது இறுகுகிறவரை கீழே பலகையும், பலகையைத் தாங்கி மரமுட்டுகளும் நிற்க வேண்டும். மழைக்காலத்தில் இன்னும் கூடுதல் நாள் நிற்க வேண்டும். "குடிச்சிட்டு வந்து, யாரும் சொல்லாம, தன்னிஷ்டத்துக்கு முட்டுகளைத் தட்டிட்டான்" என்று மேஸ்திரி தளவாய் போலீசில் சொன்னார். காண்ட்ராக்டரும் அதையே சொன்னார். சத்தியதாஸ் என்ற கொத்தனாரும் அதில் கால் நசுங்கி, மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்தப் பழியும் வன்னியபெருமாள் தலையில்தான் விழுந்தது.

தளவாய்தான் எங்கள் குடிசை வரிசையில் பாதிப் பேரை ஊரிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தவர். எல்லாருக்கும் அண்ணாச்சி. தைக்காட்டுச் சுடுகாட்டில் அவர் அழுத மாதிரி யாரும் அழவில்லை. செலவெல்லாம் அவருடையதுதான். நெஞ்சில் அடித்துக்கொண்டு, "குடி உன்னக் கெடுத்துட்டுதே தம்பி, அண்ணன் அன்னைக்கே சொன்னேனடா" என்று அழுதார். சுடலைமாடத்தி அந்த அழுகையைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வன்னியபெருமாள் குடிக்காத ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை குடிப்பான், பாடுவான், தூங்கிவிடுவான். வேலை நாளில் குடித்து அவள் பார்த்ததில்லை. அவளுக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. முட்டு எடுக்கச் சொன்னது யார்? நேரடியாகக் கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். தளவாய் சொல்லாமல் யாருக்கும் நாளைக்கு வேலை கிடையாது. புருஷன் செத்தவள் நாலு வீடு ஏறிப் போகவும் கூடாது. ஆனால் துட்டி கேட்க எல்லாரும் அவள் வீட்டுக்கு வந்தாக வேண்டும். அவள் மூலையில் பாயைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மூன்றாவது வீட்டு மாடம்மாள் ஒரு தூக்கில் கஞ்சியும், இலையில் தேங்காய்த் துவையலும் கொண்டுவந்தாள். வாயாடி. அவளும் பட்டத்து வேலையில் இருந்தவள்.

"எப்பிடிளா நடந்துச்சு?" என்று முறைப்படி கேட்டாள்.

"எனக்கென்ன மதினி தெரியும். நான் அன்னைக்கி வேற எடத்துல மண்ணு செமந்தேன். நீங்கதான அங்க நின்னீக. நீங்க சொல்லுங்க."

"நான் என்னத்தக் கண்டேன். பின்னால நின்னு செங்கல் நனைச்சிக்கிட்டிருந்தேன்."

"அதச் சொல்லுங்க."

"செங்கல் நனைச்சதயா?"

"ஆமா. காலையில இருந்து சொல்லுங்க."

மாடம்மாள் காலை நீட்டி உட்கார்ந்தாள். பிறகு ஆரம்பித்தாள். ஆரம்பித்தால் நிற்கிற ஆள் இல்லை. பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை போட்டது, வீட்டுக்காரச் சேச்சி பழைய ரவிக்கை கொடுத்தது, அதில் கை நுழையாமல் போனது, தொட்டித் தண்ணீரில் செத்த ஓணான் கிடந்தது எல்லாம் வந்தன. சுடலைமாடத்தி "ம்" கொட்டிக்கொண்டே இருந்தாள்.

"பின்னே வெத்தல போட எடமில்ல கேட்டியா. மழ, வெயிலு, மழ, வெயிலு. வாசல்ல ஒரு லாரி நின்னுது. அதோட நெழல்ல போயி குத்தவச்சேன். டிரைவர் ஒரு செவத்த பய. 'அம்மச்சி, டயறில் துப்பல்லே'ங்கான். 'உன் வண்டிக்கி ஓசியில பெயிண்டு அடிக்கேன்டா'ன்னேன்."

"லாரி என்னத்த எறக்க வந்துச்சு?"

"எறக்க எங்க வந்துச்சு. காலி லாரி. பலகை ஏத்த வந்து காலையில இருந்து நிக்கி. தம்பானூர்ல அந்த பேர்ஷ்யாக்காரரு லாட்ஜு கட்டுதாருல்லா, அங்க..."

மாடம்மாள் நிறுத்தினாள்.

"எந்தப் பலகை மதினி?"

"என்ன எந்தப் பலகை. அந்தப் போர்ட்டிகோ பலகைதான். வேற எங்க இருக்கு பலகை."

"அப்ப எங்க வீட்டு ஆளு காலையிலயே லாரிக்கிச் சொல்லி வச்சிட்டுக் குடிக்கப் போயிருக்காரு."

மாடம்மாள் தூக்குமூடியை எடுத்தாள், வைத்தாள். "ஏளா, நான் ஒண்ணும் சொல்லல. என் பேரு எங்கயும் வரப்படாது."

"நீங்க செங்கல்தான மதினி நனைச்சீக."

சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. மாடம்மாள் சொல்லாமல், வழக்கத்தைவிட வேகமாக எழுந்து போனாள்.

இப்படித்தான் ஒவ்வொருவரும். ஒருத்தி மணல் சலித்ததைச் சொன்னாள். ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒதுங்கியதைச் சொன்னாள். ஒருத்தர் சொன்னதை இன்னொருவரிடம் சுடலைமாடத்தி சொல்லமாட்டாள். அன்றைக்கு நின்ற இடத்தைக் கேட்பாள், தின்றதைக் கேட்பாள், மழை எப்போது விட்டது என்று கேட்பாள். அவர்களும் சும்மா பேசுவதாக நினைத்துப் பேசினார்கள். நானும் ஓலைக்கு இந்தப் பக்கம் அப்படித்தான் முதலில் நினைத்தேன்.

பிச்சைக்கனி வந்தான். தளவாய்க்குக் கையாள். ஆம்பளை என்பதால் உள்ளே வராமல் வாசல்படியில் உட்கார்ந்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். எதுவும் பேசக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள் போலிருக்கிறது.

"அன்னைக்கி நான் குடுத்துவிட்ட சோத்தத் தின்னாரா அண்ணே?" என்று உள்ளிருந்து கேட்டாள்.

"தின்னாரு தங்கச்சி. எனக்கும் ஒரு உருண்ட உருட்டித் தந்தாரு. நெத்திலிக் கருவாடு."

"கூட இருந்தா தின்னீக?"

"ஒரே பலகையிலதான் இருந்தோம். ஒரே எலைதான்."

"வாசம் அடிச்சிச்சா?"

பிச்சைக்கனி துண்டை முகத்தில் வைத்துக்கொண்டான்.

"கருவாட்டு வாசந்தான் தங்கச்சி அடிச்சிச்சு. வேற ஒண்ணும் அடிக்கல."

வராதது ஒரு வீடுதான். சத்தியதாஸின் மனைவி ரத்னாபாய். நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்காரி, சரிவின் மேல்முனையில் குடியிருந்தாள். உன் புருஷனால்தான் என் புருஷனுக்குக் கால் போச்சு என்று குழாயடியில் எல்லார் முன்னாலும் கத்தியவள். ஒரு மத்தியானம் நல்ல மழையில் குடையோடு வந்து வெளியே நின்றாள். உள்ளே வரவில்லை.

"நான் துட்டி கேக்க வரல்ல," என்றாள்.

சுடலைமாடத்தி பாயில் நகர்ந்து இடம் விட்டாள்.

"எனக்க மாப்பிளதான் அனுப்புனாரு. ஒரு வாரமாட்டு ஒண்ணும் தின்னல்ல. வார்டுல வாறவனெல்லாம் 'குடிகாரன் உனக்க காலக் கெடுத்தானே'ன்னு செல்லுதான். அதக் கேட்டா முகத்தச் செவரப் பாத்துத் திருப்புதாரு. இன்னைக்குச் செல்லுதாரு, 'போய்த் துட்டி கேளு. அந்த வீட்டுப் படி ஏறாம எனக்க காலு ஆறாது'ன்னு."

"மழையில நிக்காதீக."

ரத்னாபாய் குடையை மடக்கினாள். உள்ளே வந்தாள். அவள் உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு அழுகை.

"மேசிரி மொதல்ல எனக்க மாப்பிளகிட்டத்தான் முட்டு எடுக்கச் சொன்னானாம். 'கான்கிரீட்டு பச்ச மாறல்ல, எனக்குப் புள்ள குட்டி உண்டு'ன்னு இவரு மாட்டேன்னாரு. பின்னே உனக்க மாப்பிளயத் தனியாட்டு விளிச்சிட்டுப் போய் என்னமோ செல்லியிருக்கான். என்னண்ணு இவருக்குக் கேக்கல்ல. உனக்க மாப்பிள வந்து, வேட்டிய மடிச்சுக் கெட்டிட்டு உள்ள போனாராம். சத்தம் கேட்டு இவரு இழுக்க ஓடியிருக்காரு. ஆசுபத்திரிக்கு மேசிரி ஆரஞ்சும் ஆர்லிக்சும் கொண்டாந்து தந்தான். 'போலீஸு கேட்டா ஒண்ணும் பாக்கல்லண்ணு செல்லு'ண்ணான். நான் வாங்கி வச்சேன் பிள்ளே. வாங்கி வச்சிட்டுக் கொழாயடியில உன்ன ஏசுனேன்."

"அண்ணன் எங்க நின்னாரு, மொதல்ல இருந்து சொல்லுங்க," என்றாள் சுடலைமாடத்தி. குரல் கொஞ்சமும் மாறவில்லை.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு முன்தினம் தளவாய் வந்தார். பேர்ஷ்யா என்று இங்கே சொல்கிற அரபு நாட்டில் சம்பாதித்த ஒருவர் எங்கள் லாட்ஜுக்கு எதிரே மூன்று மாடியில் லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தார். அதன் மேல்தளத்துக்கு மறுநாள்தான் வார்ப்பு என்று தளவாய் சொன்னார். பதினாறுக்கு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் வினை வரும் என்று அந்த நாளையே அவர் கேட்டு வாங்கியிருந்தார். அதைப் பிச்சைக்கனி அப்புறம் சொன்னான்.

"என்ன செய்ய தாயி. சாரு நாள் குறிச்சிட்டாரு. வார்ப்பு முடிஞ்சதும் சாயந்தரம் எல்லாரையும் நானே கூட்டியாறேன்."

"வேலையப் பாருங்க அண்ணாச்சி," என்றாள்.

அவர் போனதும் மாடம்மாள் வந்து குதித்தாள். "பதினாறுக்கு இருக்காம சட்டி தூக்கப் போறதுக்கு நாம என்ன மனுசரா மாடா? நான் போவல."

"போங்க மதினி. ஒருத்தரும் நிக்காண்டாம். எல்லாரும் போங்க. ஆரம்பிங்க."

"என்னளா சொல்லுத?"

"வார்ப்புல பாதியில நிறுத்துனா என்ன ஆகும் மதினி?"

மாடம்மாள் அவளையே பார்த்தாள். கட்டட வேலை செய்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. வார்ப்பு ஆரம்பித்தால் முடிகிறவரை நிற்கக் கூடாது. நின்றால் பழையதும் புதியதும் ஒட்டாது. அந்த ஒட்டில் மழைத் தண்ணீர் இறங்கும். அதனால்தான் அன்றைக்கு நின்றுகொண்டே பால் இல்லாத கட்டன்சாயா குடிப்பார்கள், நின்றுகொண்டே பழம் தின்பார்கள். வேலை முடிந்த பிறகுதான் கட்டடக்காரர் பொரோட்டாவும் கோழிக்கறியும் கொடுப்பார்.

மறுநாள் மழை இல்லாமல் நல்ல வெயில் அடித்தது. எங்கள் லாட்ஜு முன்படியிலிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது. கீழே தகரத்தில் ஜல்லியும் மணலும் சிமெண்டும் கலந்தார்கள். சாரத்தில் பெண்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றினார்கள். நிறைந்த சட்டி மேலே போக, காலிச் சட்டி கீழே வந்து விழுந்துகொண்டே இருந்தது. தளவாய் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மேலும் கீழும் ஓடினார். பாதித் தளம் நிறைந்திருக்கும்.

சுடலைமாடத்தி கிள்ளிப்பாலம் வழியாக நடந்து வந்தாள். ஆற்றில் குளித்த ஈரம் சேலையில் காயவில்லை. கழுத்து வெறுமையாக இருந்தது. வந்து, கலவைத் தகரத்துக்குப் பக்கத்தில் மணல்மேட்டில் உட்கார்ந்தாள்.

முதலில் மாடம்மாள் சட்டியைக் கீழே வைத்தாள். சாரத்திலிருந்து இறங்கி வந்து அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். அடுத்தவள் இறங்கினாள். பதினாறாம் நாள் சடங்கு முடித்துத் தாலியறுத்தவள் வந்து உட்கார்ந்திருக்கும்போது அவளைத் தாண்டி யாரும் சட்டி தூக்க முடியாது. அவள் எழுந்திருக்காமல் யாரும் எழுந்திருக்கவும் முடியாது. மேலே இருந்த ஆண்கள் மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார்கள்.

தளவாய் ஓடிவந்தார். "என்ன தாயி இது. எந்திரி. வெயிலு ஏறுது, சரக்கு உறைஞ்சிரும்."

"உக்காருங்க அண்ணாச்சி. துட்டி கேக்க வந்தா உக்காரணும்லா."

"இது வேலை எடம்."

"பதினாறுக்கு வீட்டுக்கு ஆள் விடல. அதான் வீட்ட இங்க கொண்டாந்துட்டேன்."

"நீ எந்திரி மொதல்ல. உனக்கு என்ன செய்யணுமோ நான் செய்யுதேன்."

"ஒண்ணும் செய்யாண்டாம். எல்லாரும் வந்து சொல்லிட்டாக. நீங்க மட்டும்தான் சொல்லல. எப்பிடி நடந்துச்சு?"

"அதான் அன்னைக்கே சொன்னேம்லா. குடிச்சிட்டு..."

"கருவாட்டு வாசந்தான் அண்ணாச்சி அடிச்சிச்சு," என்று மேலேயிருந்து பிச்சைக்கனி சொன்னான்.

தளவாய் அண்ணாந்து பார்த்தார். "நீ வாய மூடுலே."

"லாரிக்கி யாரு அண்ணாச்சி சொன்னது?" என்று மாடம்மாள் கேட்டாள். "அந்தச் செவத்த டிரைவரு உங்களக் கேட்டுத்தான நின்னான். அவன் டயர்ல நான் துப்பியிருக்கேன், அடையாளம் காட்டட்டா?"

ரத்னாபாய் கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தாள். "எனக்க மாப்பிளகிட்ட மொதல்ல சொன்னது ஆரு?"

தளவாய் தகரத்தைப் பார்த்தார். கலவையின் மேல் ஓரத்தில் நிறம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. வேட்டியைத் தூக்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தார்.

"சரி. நான்தான். முட்டு எடுக்கச் சொன்னது நான்தான். போதுமா. எந்திரி."

சுடலைமாடத்தி எழுந்திருக்கவில்லை. காண்ட்ராக்டர் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கி, "எந்தா இவிடே? பணி எந்தினா நிறுத்தியது?" என்று கத்தினார்.

"சாரு இப்பத்தான வாராரு," என்றாள். "அவருக்கு ஒண்ணும் தெரியாதுல்லா. மொதல்ல இருந்து சொல்லுங்க அண்ணாச்சி."

தளவாய் சொன்னார். இந்தத் தடவை, பலகை அவசரமாக வேண்டியிருந்தது, லாரிக்கு முந்தின நாளே சொல்லியிருந்தேன் என்பதும் வந்தது. காண்ட்ராக்டர் அதைக் கேட்டுக்கொண்டே ஒரு அடி தள்ளி நின்றார். சொல்லி முடிக்கிற சமயம் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் டாக்சியில் வந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை.

"அவருக்கும் சொல்லுங்க."

"தாயி, கான்கிரீட்டு போயிரும்."

"வாரவுகளுக்கு மொதல்ல இருந்துதான அண்ணாச்சி சொல்லணும்."

அவருக்கும் சொன்னார். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு போலீஸ்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் தளவாயின் குரல் கம்மிவிட்டது. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று பார்க்கிற தெம்பு அவரிடம் இல்லை.

"பச்ச மாறல அண்ணாச்சி, ரெண்டு நாள் பொறுங்கன்னான். நான் விடல. 'நீ எடுக்கலன்னா நாளையில இருந்து உம் பொண்டாட்டிக்கி எங்கயும் வேலை கெடையாது, பாத்துக்கோ'ன்னேன். அவ பேரச் சொன்னதும் ஒண்ணும் பேசல. போயிட்டான்."

இது யாரும் அவளுக்குச் சொல்லாதது. யாருக்கும் தெரியாதது. சுடலைமாடத்தி தலையைக் குனிந்து மணலில் கையை வைத்துக்கொண்டாள். மாடம்மாள் அவள் முதுகைத் தடவினாள். எழுந்துவிடுவாள் என்று நான் நினைத்தேன். அவள் தலையைத் தூக்கினாள்.

"டாக்சி டிரைவரு கேக்கல," என்றாள். "அவருக்கும் சொல்லுங்க."

வெயில் சாய்ந்த பிறகுதான் எழுந்தாள். தகரத்தில் கிடந்த கலவையில் மண்வெட்டி இறங்கவில்லை. போலீஸ்காரர், நாளைக்குச் சாயங்காலம் ஸ்டேஷனில் வந்து இதையே சொல்லணும் என்று தளவாயிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சொந்தக்காரர் காண்ட்ராக்டரிடம், ஒழுகுகிற மேல்தளம் எனக்கு வேண்டாம், பொளித்துக் களையணும், இடித்து எடுத்துவிடணும் என்றார். காண்ட்ராக்டர் தளவாய் பக்கம் திரும்பினார். "கேட்டல்லோ. நீ வச்ச ஆள்கள், நீ வச்ச நாள். நாளை காலத்து பொளிக்கணும். இல்லெங்கில் இனி என்றெ முன்னில் வரண்டா."

மறுநாள் காலையில் எங்கள் வரிசையே எங்கள் லாட்ஜு முன்படியில் வந்து உட்கார்ந்துவிட்டது. மேனேஜர் என்னை முறைத்தார். நான் ரூம்களுக்குப் போட்ட டீயை இவர்களுக்குக் கொடுத்தேன்.

எதிரே தளவாய் சுத்தியலோடு நின்றார். மேலே பாதி வார்த்த கான்கிரீட், ஒரு ராத்திரி மட்டுமே இறுகியது, கனமாகக் கிடந்தது. அதை இறக்க வேண்டுமானால் கீழே போய் முட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுக்க வேண்டும்.

"பிச்சைக்கனி, ஒரு கை பிடிக்கியாடே."

"பச்ச மாறலயே அண்ணாச்சி."

"நான் கூட நிக்கேம்லா."

"நீங்க மொதல்ல நில்லுங்க."

தளவாய் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். கூலிக்கு நிற்கிற மலையாளத்து ஆட்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பார்த்தார். முந்தின நாள் கதை தம்பானூர் முழுக்கப் பரவியிருந்தது. அவர்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். காண்ட்ராக்டர் மோட்டார்சைக்கிள் மேல் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தளவாய் வேட்டியை மடித்துக் கட்டினார். சாமி பேர் ஏதோ சொன்னார். குனிந்து உள்ளே போனார்.

சுத்தியல் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடியும் கேட்டது. ஒரு மரம் சரிந்து விழுந்தது. மேலேயிருந்து கொஞ்சம் பொடி கொட்டியது. தளவாய் ஒரே ஓட்டமாக வெளியே வந்து சாலை நடுவில் நின்றார். பஸ் ஒன்று ஹாரன் அடித்து அவரைச் சுற்றிக்கொண்டு போனது. மேல்தளம் விழவில்லை. அவர் முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கினார். நிமிர்ந்து எங்கள் படியைப் பார்த்தார். அவளைத்தான் பார்த்தார். கை கூப்பினாரா, முகத்தைத் துடைத்தாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"போதும்ளா," என்றாள் மாடம்மாள் மெதுவாக. "எந்திரி. வேற எடத்துல வேலை பாக்கணும்லா நாம."

சுடலைமாடத்தி டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் நெறைய முட்டு நிக்கி மதினி. இருங்க."

காண்ட்ராக்டர் ஹாரனை அடித்தார். தளவாய் திரும்பி, குனிந்து மறுபடியும் உள்ளே போனார்.